சம்பா கோதுமையோட லத்தீன் பேர் என்ன? மளிகை கடையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் மளிகை சாமான் வாங்க போனா இப்ப கோதுமையே ஏழெட்டு பேர்ல இருக்கு. சம்பா, கப்ளி, எம்மர், ஃபார்ரோ, ஸ்பெல்ட்னு. பேரு மாற மாற விலையும் ஏறுது. கல்லாவுல நிக்கிற நமக்கே சில நேரம் தலை சுத்தும், அப்புறம் வாங்க வர்ற அக்காமாரு, அண்ணன்மாருக்கு கேக்கவே வேணாம். அதனால திரும்ப திரும்ப வர்ற கேள்விங்கள இங்க போட்டுட்டேன். என் கட்சி ஒண்ணுதான், பாக்கெட் முன்னாடி பெருசா போட்டிருக்குற பேர நம்பாதீங்க, பின்னாடி குட்டி எழுத்துல இருக்குற லத்தீன் பேர பாருங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, சம்பா கோதுமையோட லத்தீன் பேர் என்ன?

ட்ரிடிகம் டைகாக்கம். சில பாக்கெட்ல டைகாக்கான்னு முடியும், சிலதுல ட்ரிடிகம் டர்ஜிடம்னு ஆரம்பிச்சு துணை இனம் டைகாக்கம்னு நீட்டமா இருக்கும். எப்படி இருந்தாலும் தானியம் அதேதான். இத தனி இனமா வைக்கிறதா, இல்ல டர்ஜிடம்ங்கிற பெரிய குடும்பத்துக்குள்ள ஒரு பிரிவா வைக்கிறதான்னு தாவரவியல்காரங்களுக்குள்ள ஒத்துமை இல்ல, அந்த சண்டைதான் பாக்கெட் வரைக்கும் வந்து நிக்குது. நமக்கு டைகாக்கம்ங்கிற சொல்லு இருந்தா போதும்.

ரோமாபுரியில இதுக்கு மூணெழுத்துல வேற பேர் இருந்துச்சாமே? குறுக்கெழுத்துல வந்துச்சு.

ஆமா, அது 'ஃபார்'. விஞ்ஞானிங்க வச்ச பேர் இல்ல இது, ரோமாபுரி ஜனங்க தினசரி வாயால சொன்ன பேர். ரொட்டியெல்லாம் அவங்களுக்கு பின்னாடி வந்த சமாச்சாரம், அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் இந்த ஃபார இடிச்சு கூழா காச்சி குடிச்சுதான் வளந்தாங்க, அந்த கூழுக்கு புல்ஸ்னு பேரு.

கிமு 450 வாக்குல அவங்க எழுதி வச்ச பன்னிரண்டு பலகை சட்டத்துல ஒரு விதி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. கடன கட்ட முடியாதவன கடன் குடுத்தவன் கட்டி வச்சிருந்தா, அவனுக்கு சொந்த சாப்பாடு இல்லன்னா, ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் ஃபார் குடுத்தே ஆகணும். அந்த காலத்து ராத்தல் நம்ம கணக்குல கிட்டத்தட்ட 330 கிராம். வட்டிக்கு விட்டவன் சோறும் போடணும்னு சட்டம் போட்டவங்க அவங்க, இந்த காலத்து வட்டி முதலை ஆலோங்குகிட்ட இத சொன்னா சிரிப்பான்.

கல்யாணத்துலயும் இதுதான். பெரிய குடும்பங்கள்ல கான்ஃபாரியாசியோன்னு ஒரு முறை, ஃபார் மாவுல செஞ்ச பணியாரத்த ஜூபிட்டர் சாமிக்கு படைச்சு, பத்து சாட்சி முன்னாடி நடக்குற கல்யாணம். நமக்கு அட்சதை இல்லாம கல்யாணம் உண்டா, அந்த மாதிரி. கோயில் பலிக்கு முன்னாடி மிருகத்து தலையில தூவுறதுக்குன்னு உப்பு கலந்த ஃபார் மாவு ஒண்ணு உண்டு, அத தயார் பண்றது வெஸ்டா கோயில் கன்னிப்பெண்கள் வேலை. பிப்ரவரி மாசத்துல இந்த தானியத்த வறுக்குற அடுப்புக்குன்னே ஒரு திருவிழா வேற வச்சிருந்தாங்க. லத்தீன்ல மாவுக்கு ஃபரினான்னு பேரு, அது இந்த ஃபார்ல இருந்து வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்புங்கள்ல ஃபார்னு வர்ற இடத்துல எல்லாம் ஸ்பெல்ட்னு போட்டு வச்சிருக்காங்க. அது சரியில்ல. ஃபார்னா பெரும்பாலும் நம்ம டைகாக்கம்தான். ஸ்பெல்டாங்கிற சொல்லு லத்தீன்ல ரொம்ப பின்னாடி தலைகாட்டுது, கிபி 301ல ரோமாபுரி ராஜா டயக்ளீஷியன் விலை கட்டுப்பாட்டு ஆணை போட்டப்ப அந்த விலைப்பட்டியல்ல இருக்கு. இங்கிலீஷ் குறுக்கெழுத்துல மூணு கட்டம் இருந்தா ஃபார் போடுங்க, ஆறு எழுத்து கேட்டா ஸ்பெல்டா போட்டு பாருங்க.

டைகாக்கம்னு ஏன் வச்சாங்க?

கதிர்ல ஒவ்வொரு சின்ன பூங்கொத்துலயும் ரெண்டு மணி இருக்கும், அதனால ரெட்டை மணின்னு அர்த்தத்துல வச்சாங்க. ஒத்த மணி இருக்குற இன்னொரு பழைய கோதுமைக்கு மோனோகாக்கம்னு பேர்.

ஆனா பேர விட முக்கியம் உமி. சாதாரண கோதுமை கதிர அடிச்சா மணி தனியா கொட்டும். சம்பா அப்படி கொட்டாது, கதிர் துண்டு துண்டா ஒடையும், ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு மணி கெட்டியான உமிக்குள்ள பொதிஞ்சு கெடக்கும், அத தனியா இடிச்சோ மில்லுல குடுத்தோ உமிய நீக்கணும். இந்த கூடுதல் வேலையாலதான் உலகத்துல பெரும்பாலான இடத்துல இத கைவிட்டுட்டாங்க, விலை கூடவும் இது ஒரு முக்கிய காரணம். உமி நீக்குன மணிய உள்ளங்கையில போட்டு பாருங்க, சாதாரண கோதுமை குண்டா இருக்கும், இது ஒல்லியா நீளமா ரெண்டு முனையும் கூரா, செங்கல்ல கொஞ்சம் பழுப்பு கலந்த நிறத்துல இருக்கும். பல்லுல கடிச்சா கடக்குன்னு கண்ணாடி மாதிரி ஒடையும், உள்ள வெள்ளையா மாவா இருக்காது, மங்கலா மஞ்சளா தெரியும்.

ஃபார்ரோ, ஸ்பெல்ட், ஐன்கார்ன், கப்ளி, கமுட் எல்லாம் ஒண்ணுதானா?

இல்லவே இல்ல, இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கப்ளியும் சம்பாவும் ஒண்ணு. மகாராஷ்டிரா, கர்நாடகா பக்கம் கப்ளின்னு சொல்றத நம்ம ஆளுங்க சம்பாங்கிறாங்க, இங்கிலீஷ்ல எம்மர், லத்தீன் பேர் டைகாக்கம். ஐன்கார்ன்ங்கிறது நான் சொன்ன ஒத்த மணி, மோனோகாக்கம். 1991ல ஆல்ப்ஸ் மலை பனியில ஓட்சின்னு ஒரு ஆளோட உடம்பு கிடச்சுதே, 5000 வருசத்துக்கு மேல பழசு, அவர் வயித்துக்குள்ள இருந்தது இந்த ஐன்கார்ன்தான். ஸ்பெல்ட் வேற, ட்ரிடிகம் ஸ்பெல்டா, அது நம்ம ரொட்டி கோதுமைக்கு நெருங்கின சொந்தம்.

ஃபார்ரோ மட்டும் வம்பு புடிச்ச பேர். இத்தாலிக்காரங்க உமியோட வர்ற மூணு கோதுமையையும் ஃபார்ரோன்னே கூப்பிடுவாங்க, சின்ன ஃபார்ரோன்னா ஐன்கார்ன், நடு ஃபார்ரோன்னா டைகாக்கம், பெரிய ஃபார்ரோன்னா ஸ்பெல்ட். அதனால சூப்பர்மார்க்கெட்ல ஃபார்ரோ பாக்கெட் பாத்தா லத்தீன் பேர் இல்லாம நம்ம சம்பாதான்னு முடிவு பண்ணிடாதீங்க. கார்ஃபன்யானா மலைப்பக்கத்து ஃபார்ரோன்னு போட்டிருந்தா மட்டும் அது டைகாக்கம், அந்த ஊர் பேருக்கு 1996லயே ஐரோப்பாவுல புவிசார் பாதுகாப்பு வாங்கி வச்சிருக்காங்க.

கமுட்ங்கிறது தானியத்து பேரே இல்ல, வியாபார முத்திரை. 1990ல அமெரிக்காவுல மொன்டானாவுல ஒரு விவசாய குடும்பம் பதிவு பண்ணினது. உள்ள இருக்குறது கொரசான் கோதுமை, ட்ரிடிகம் துரானிகம், மணி சாதாரண கோதுமைய போல ரெண்டு பங்கு பெருசு.

குழப்பத்த தீர்க்க ஒரு கணக்கு இருக்கு, குரோமோசோம். ஐன்கார்ன்ல 14, சம்பாவுலயும் பாஸ்டாவுக்கு போற டூரம் கோதுமையிலயும் கொரசான்லயும் 28, ஸ்பெல்ட்லயும் ரொட்டி கோதுமையிலயும் 42. சம்பாவோட இனத்து கோதுமையும் ஒரு காட்டு ஆட்டுப்புல்லும் பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி காஸ்பியன் கடல் பக்கத்து வயல்ல தானா கலந்ததுலதான் ரொட்டி கோதுமை பொறந்துச்சு. அந்த கணக்குல நீங்க காலையில திங்கிற ரொட்டி சானாய்க்கு சம்பா தாத்தா முறை ஆகுது.

கடையில 'சம்பா ரவை'ன்னு இருக்கு, அது நிஜமாவே இதுதானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்ம ஆளுங்க பேச்சுல சம்பா ரவைன்னாலே ஒடச்ச கோதுமை, எந்த கோதுமைய ஒடச்சாலும் அதே பேருதான் சொல்றாங்க, பாக்கெட்காரங்களும் அதயே அச்சடிச்சிடுறாங்க. இத ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், பழக்கம். ஆனா பழைய தானியம்னு தனி விலை வாங்குறப்ப மட்டும் டைகாக்கம்னு அச்சடிச்சிருக்கணும், இல்லன்னா கூடுதல் வெள்ளி குடுக்காதீங்க. என் யோசனை கேட்டா ரவையா வாங்குறதுக்கு பதிலா முழு மணியா வாங்குங்க, மேல சொன்ன மாதிரி கண்ணால பாத்தே பாதி தெரிஞ்சிடும், ரவையா ஒடச்சுட்டா அப்புறம் யாராலயும் சட்டுனு சொல்ல முடியாது. மாவா அரைச்சுட்டா கேக்கவே வேணாம்.

லத்தீன் பேர் எப்படி எழுதியிருக்குன்னும் கவனிங்க. முதல் சொல்லு பேரினம், அது பெரிய எழுத்துல ஆரம்பிக்கும், ரெண்டாவது சொல்லு இனம், சின்ன எழுத்து, ரெண்டும் சாய்வா இருக்கும். 1753ல லின்னேயஸ் நிலைநிறுத்தின முறை இது. வெறும் ட்ரிடிகம்னு மட்டும் போட்டு விட்டிருந்தா 'இது கோதுமை'ன்னு சொல்ற மாதிரிதான், அதுல ஒண்ணும் இல்ல.

சீரக சம்பா, மாப்பிள்ளை சம்பாவுக்கு இது என்ன வேணும்?

ஒண்ணும் வேணாம். அதெல்லாம் அரிசி, ஒரைசா சட்டைவா. சம்பாங்கிற பேர் மட்டும்தான் ஒத்துமை.

பிரமிட்ல கிடச்ச கோதுமை முளைச்சுதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அத அனுப்பினவருக்கு நன்றி சொல்லிட்டு அழிச்சிடுங்க. கோதுமை விதைக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது, நல்லா காய வச்சு குளுர்ல வச்சாலும் சில பல பத்து வருசம், அதுக்கு மேல முளைப்பு போயிடும். மூவாயிரம் வருசம்லாம் பாட்டி கதை. துட்டன்காமன் கல்லறையில எம்மர் இருந்தது நிஜம்தான், பழைய எகிப்துல கிரேக்க ராஜாங்க வர்ற வரைக்கும் முக்கிய கோதுமையே அதுதான், ரொட்டிக்கும் அதான் பீருக்கும் அதான். ஆனா அங்க இருந்தது செத்த விதை. 1949ல எகிப்துல இருந்து வந்ததுன்னு சொல்லி கொஞ்சம் பெரிய மணி கோதுமை அமெரிக்காவுக்கு போயி, அங்க சந்தையில 'துட் ராஜா கோதுமை'ன்னு வித்தாங்க, அதுதான் பின்னாடி கமுட் ஆச்சு. கதை நல்ல கதை, வியாபாரத்துக்கு.

இனிப்புநீர் இருக்கு, டாக்டர் அரிசிய குறைக்க சொன்னாரு. இது சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனா அளவோட. இதுவும் கோதுமைதான், மாவுச்சத்துதான், ரத்தத்துல சக்கரைய ஏத்தத்தான் செய்யும். முழு மணியாவோ கரகரப்பான ரவையாவோ சாப்பிட்டா மெதுவா ஏறும், நைசா அரைச்ச மாவுல செஞ்சா வேகமா ஏறும், இது எந்த தானியத்துக்கும் பொருந்துற விசயம். நார்ச்சத்து, புரதம் எல்லாம் நல்லாவே இருக்கு. ஆனா 'சம்பா கோதுமை சாப்பிட்டா மாத்திரை வேணாம்'னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க, மாத்திரைய நிறுத்துறது குறைக்கிறது எல்லாம் கிளினிக்ல பேசுற பேச்சு, மளிகை கடையில பேசுறது இல்ல. இன்னொன்னு, சம்பா உப்புமான்னு சொல்லிட்டு ரெண்டு பிளேட் ஏத்தி மேல சீனிய தூவிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்.

குளூட்டன் இல்லைன்னு சொல்றாங்களே?

பொய். இருக்கு. சீலியாக் நோய் உள்ளவங்க, அதாவது குளூட்டன்ங்கிற கோதுமை பசை புரதம் குடலுக்கு ஆகாதவங்க, சம்பா, ஐன்கார்ன், ஸ்பெல்ட், கமுட் எதையும் தொடக்கூடாது. மலேசிய 1985 உணவு விதிமுறைப்படி குளூட்டன் உள்ள தானியம் இருந்தா லேபிள்ல சொல்லியே ஆகணும், கோதுமை அதுல சேத்தி. சாதாரண கோதுமை வயித்த உப்ப வைக்குது, இது வைக்கலன்னு சில பேர் சொல்றாங்க, அவங்க உடம்பு அவங்களுக்கு, ஆனா அது வேற இது வேற.

காலையில பசியாற எப்படி செய்யலாம்?

ரவைன்னா முதல்ல எண்ணெய் இல்லாம வாசம் வர்ற வரைக்கும் வறுங்க, இத விட்டுட்டா களி மாதிரி ஆயிடும். அப்புறம் வழக்கம் போல கடுகு, உளுந்து, வெங்காயம், பச்சமொளகா, கறிவேப்பிலை தாளிச்சு ஒரு பங்கு ரவைக்கு மூணு பங்கு தண்ணி, கொதிச்சதும் ரவைய போட்டு தீய குறைச்சு மூடி வைங்க. அரிசி ரவை உப்புமாவ விட நேரம் எடுக்கும், அவசரப்பட்டு இறக்கினா நடுவுல கடுக்குன்னு இருக்கும்.

முழு மணின்னா ராத்திரி ஊற போட்டு காலையில குக்கர்ல நல்லா விசில் விட்டு எடுத்தா கஞ்சிக்கும் ஆகும், பயறோட சேத்து சுண்டலுக்கும் ஆகும். சப்பாத்திக்கு மாவு போடுறவங்க கவனிங்க, இதுல பசை குறைவு, ஆட்டா மாதிரி இழுவை வராது, சுடு தண்ணி ஊத்தி பிசைஞ்சு கொஞ்ச நேரம் மூடி வச்சு தேய்ச்சா பரவால்ல, இல்ல ஓரமெல்லாம் வெடிக்கும். தெரியாதவங்க பாதி ஆட்டா கலந்துக்கலாம், கௌரவ குறைச்சல் ஒண்ணும் இல்ல.

அல்வா பத்தி சொல்லாம போனா திருநெல்வேலிக்காரங்க கோவிப்பாங்க. அங்க அல்வாவுக்கு சம்பா கோதுமைய ஊற வச்சு ஆட்டி, பால் புழிஞ்சு, அந்த பால கிண்டுறதுதான் பழைய முறை. கை வலிக்கும்.

மலாய்ல தெரிகுன்னு விக்கிறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

தெரிகு, பிஜி காண்டும்னு பசார்ல விக்கிறது தோல் தீட்டின சாதாரண கோதுமை, வெளிர் நிறமா இருக்கும். புபுர் தெரிகுங்கிற இனிப்பு கஞ்சி காச்சுறது அதுலதான், சந்தான், குலா மெலாகா, பாண்டான் இலை எல்லாம் போட்டு. சம்பாவுலயும் தாராளமா செய்யலாம், தோல் இருக்குறதால ஊற வைக்கிற நேரமும் வேகுற நேரமும் கூட வேணும், கடைசியில கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்கும்.

ஆனா பேர்ல ஒரு வேடிக்கை இருக்கு. 1511ல போர்த்துகீசியர் மலாக்காவ புடிச்சாங்கல்ல, கோதுமைக்கு அவங்க சொல்லு ட்ரிகோ. அது லத்தீன் ட்ரிடிகம் தேஞ்சு வந்தது, அந்த ட்ரிகோதான் மலாய்ல தெரிகு ஆச்சு. ஆக பாக்கெட் பின்னாடி தேடுற லத்தீன் பேர நம்ம ஊரு மலாய்க்கார மக்சிக் அம்மாங்க தினமும் சொல்லித்தான் புபுர் விக்கிறாங்க.

கேழ்வரகு, கம்பு, தினைக்கும் லத்தீன் பேர் சொல்லுங்க, பாக்கெட்ல தேடணும்.

கேழ்வரகு எலியூசினே கோரகானா. கோரகானாங்கிறது சிங்களத்துல கேழ்வரகுக்கு சொல்ற குரக்கன்ல இருந்து எடுத்தது, லத்தீன் பேர்னா எல்லாமே ரோமாபுரியில இருந்து வந்துச்சுன்னு நினைக்காதீங்க. கம்பு பென்னிசெட்டம் கிளாக்கம்னு நிறைய இடத்துல இருக்கும், இப்ப சென்க்ரஸ் அமெரிக்கானஸ்னு மாத்தி போடுறாங்க, ரெண்டும் கம்புதான். சோளம் சோர்கம் பைகலர், இது மக்காச்சோளம் இல்ல, அத ஞாபகம் வச்சுக்கோங்க, இங்க ஜாகோங்னு வேக வச்சு விக்கிறது வேற செடி. தினை செட்டேரியா இட்டாலிகா, சாமை பானிகம் சுமாத்ரென்ஸ், வரகு பாஸ்பாலம் ஸ்க்ரோபிகுலாட்டம், பனிவரகு பானிகம் மிலியேசியம், குதிரைவாலி எக்கினோகுளோவா ஃப்ருமென்டேசியா. 2023ஆம் வருசத்த ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்புறம் 'மில்லெட் மிக்ஸ்'னு கலந்தடிச்ச பாக்கெட் நிறைய வருது, அதுல எது எவ்வளவுன்னு போடலன்னா நான் வாங்க மாட்டேன். இதுங்கள்ல எதுலயும் குளூட்டன் கிடையாது, ஆனா கோதுமை அரைக்கிற அதே மில்லுல அரைச்சிருந்தா கலந்திருக்கும், சீலியாக் உள்ளவங்க அதையும் பாக்கணும்.

இங்க மலேசியாவுல விளையுமா?

வியாபாரத்துக்கு விளைய வைக்கிற அளவுக்கு இல்ல, இந்த வெக்கையும் மழையும் கோதுமைக்கு ஆகாது. நம்ம நாட்டு கோதுமை எல்லாம் கப்பல்ல வர்றதுதான், ஆஸ்திரேலியாவுல இருந்துதான் நிறைய. சம்பா இந்தியாவுல இருந்து வருது. மத்த இடம்னா எத்தியோப்பியா மலைநாட்டுல இன்னும் பயிர் பண்றாங்க, அங்க அஜான்னு பேரு.

இவ்வளவு வேலை புடிச்ச தானியத்த இன்னும் ஏன் வச்சிருக்காங்க?

ருசிக்காக மட்டும் இல்ல. கோதுமைக்கு தண்டு துருநோய்னு ஒரு பூஞ்சை வரும், தண்டெல்லாம் செங்கல் பொடி அப்பின மாதிரி ஆயி, விளைஞ்சு நிக்கிற வயலையே அறுப்புக்கு முன்னாடி காலி பண்ணிடும். டைகாக்கத்துல சில ரகம் இத தாங்கும். மெக்ஃபாடன்னு ஒரு அமெரிக்கர் யாரோஸ்லாவ்ங்கிற எம்மர் ரகத்த ரொட்டி கோதுமையோட சேத்து 'ஹோப்'னு ஒரு ரகம் எடுத்தாரு, அதுல வந்த துருநோய தாங்குற மரபணு ஒண்ண எஸ்ஆர் ரெண்டுன்னு (Sr2) சொல்வாங்க, அது இன்னைக்கும் உலகம் பூரா கோதுமை ரகங்கள்ல ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம கப்ளியும் சளைச்சது இல்ல, எஸ்ஆர் பதிமூணு, பதினாலு ரெண்டும் அதுல இருந்து வந்தது. துருநோயில எது எந்த வகைன்னு பிரிச்சு பாக்க விஞ்ஞானிங்க பயன்படுத்தின சோதனை ரகங்கள்லயும் கப்ளிக்கு இடம் உண்டு. 1990கள் கடைசியில உகாண்டாவுல யுஜி 99னு கொடூரமான வகை கிளம்பினப்ப இந்த பழைய ரகங்கள திரும்பவும் தோண்டினாங்க. கர்நாடகாவுல தார்வாட் விவசாய பல்கலைக்கழகம் குட்டையான, சாயாத டைகாக்கம் ரகங்கள வெளியிட்டிருக்கு, டிடிகே 1025, டிடிகே 1029னு. பாக்கெட்ல இந்த நம்பர் போட்டிருந்தா சந்தேகப்படாம வாங்குங்க.

வாங்கி வச்சா எவ்வளவு நாள் தாங்கும்?

இந்த ஊரு ஈரத்துக்கு முழு மணிதான் தாங்கும், அதுவும் இறுக்கமா மூடுற டப்பாவுல. ரவை, மாவுன்னா சீக்கிரம் வண்டு வரும், தவிட்டுல இருக்குற எண்ணெய் சிக்கு வாடையும் அடிக்கும், அதனால கொஞ்சமா வாங்கி பிரிட்ஜுல வைங்க. வண்டு வந்துட்டா கடைக்கு எடுத்துட்டு வராதீங்க அக்கா, பாக்கெட் பிரிச்ச தேதிய முதல்ல பாருங்க.